கடைக்கு ஒரு சின்ன ஆப் பண்ணணும், முதல் டேட்டாபேஸா எதை எடுக்கலாம்?

நெல்லை_பையன்:
வணக்கம் எல்லாருக்கும். நான் பி.காம் முடிச்சவன், வேலை தேடிக்கிட்டே பைத்தான் கத்துக்கிட்டு இருக்கேன், லூப் ஃபங்ஷன் லிஸ்ட் டிக்ஷனரி வரைக்கும் தைரியமா எழுதுவேன், ஃபைல்ல எழுதி திரும்ப படிக்கவும் தெரியும். எங்க மாமா வாடகை பாத்திரக்கடை வச்சிருக்காரு. சேர், டேபிள், ஷாமியானா, அண்டா, ஜமுக்காளம், ஒரு ஜெனரேட்டர், எல்லாம் கல்யாணம் காதுகுத்து சடங்குன்னு போயிட்டு வரும். மொத்தக் கணக்கும் ஒரே ஒரு நீள நோட்டுல. ஆவணி, தை மாசம் முகூர்த்த நாள் வந்தா ஒரே தேதிக்கு நாலஞ்சு வீட்டுல இருந்து கேப்பாங்க, யாருக்கு எத்தனை சேர் போகுது மிச்சம் எத்தனை இருக்குன்னு நோட்டை முன்னும் பின்னும் புரட்டி கூட்டிப் பாத்துதான் சொல்லணும். இதை ஒரு ஆப்பா பண்ணிக் குடுக்கணும்னு ஆசை, அப்படியே டேட்டாபேஸும் கத்துக்கிட்ட மாதிரி இருக்கும்.

எதுல ஆரம்பிக்கன்னுதான் தெரியல. ஒரு வீடியோல மோங்கோடிபிதான் இப்போ எல்லாம்ங்காங்க, இன்னொண்ணுல மைஎஸ்கியூஎல், ஃப்ரெண்டு ஒருத்தன் அவன் காலேஜ் லேப்ல ஆரக்கிள்தான்னு சொல்லுதான், ஃபயர்பேஸ் போட்டா சர்வரே வேண்டாம்ங்கான் இன்னொருத்தன். என்கிட்ட இருக்கது 8 ஜிபி ராம் உள்ள விண்டோஸ் லேப்டாப். எதை எடுக்கலாம், எதை இப்போதைக்கு விடலாம், காரணத்தோட சொன்னா நல்லாருக்கும்.

மெர்ன்_மாணவன்:
ப்ரோ மோங்கோ போங்க. உங்களுக்கு பைத்தான் டிக்ஷனரி தெரியும்ல, மோங்கோ டாக்குமெண்ட் கிட்டத்தட்ட அதேதான், அப்படியே தூக்கி உள்ள போடலாம். டேபிள் டிசைன் பண்ணணும், ஒவ்வொரு ஃபீல்டுக்கும் டைப் சொல்லணும்ங்கற தலைவலி ஆரம்பத்துல கிடையாது. ஒரு புக்கிங்னா அதுக்குள்ளயே கஸ்டமர் பேரு, போன் நம்பர், சாமான் லிஸ்ட் எல்லாம் ஒரே இடத்துல இருக்கும். அட்லஸ்ங்கற அவங்க கிளவுட் சேவைல ஃப்ரீயா ஒரு கிளஸ்டர் கிடைக்கும், லேப்டாப்ல இன்ஸ்டாலே பண்ண வேண்டாம்.

க்வெரி_கயல்:
தம்பி, டூல் பேரை எல்லாம் கொஞ்சம் ஓரமா வச்சிட்டு முதல்ல உங்க மாமா பக்கத்துல உக்காந்து அந்த நோட்டைப் பாருங்க, அவரு அதுல என்னென்ன கேள்விக்கு பதில் தேடுறாருன்னு ஒரு பேப்பர்ல எழுதுங்க. நான் ஊகிக்கிறேன். வர்ற 10ஆம் தேதிக்கு 200 சேர் இருக்கா? இந்த வீட்டுக்காரங்க இன்னும் எவ்வளவு பாக்கி? போன வாரம் போன அண்டால எது திரும்பி வரல? போன தை மாசம் ஷாமியானால மட்டும் எவ்வளவு வாடகை வந்துச்சு? இதுல எந்தக் கேள்வியும் ஒரே ஒரு புக்கிங்கைப் பாத்து பதில் சொல்ற மாதிரி இல்லை பாருங்க, எல்லாமே பல புக்கிங்கை குறுக்கால வெட்டிப் பாக்கிற கேள்வி, சாமான் வாரியா, தேதி வாரியா, ஆள் வாரியா. இந்த மாதிரி டேட்டாவுக்குத்தான் ரிலேஷனல் டேட்டாபேஸும் (தகவலை ஒண்ணோட ஒண்ணு இணைஞ்ச டேபிள்களா வைக்கிறது) எஸ்கியூஎல்லும் (அதுகிட்ட கேள்வி கேக்குற மொழி) உருவாச்சு. மோங்கோல பண்ண முடியாதான்னா முடியும், அக்ரிகேஷன் பைப்லைன்னு ஒண்ணு இருக்கு, ஒவ்வொரு புக்கிங்கையும் பிரிச்சு உள்ள இருக்கிற சாமான் லிஸ்டை விரிச்சு அப்புறம் கூட்டணும். புதுசா வர்றவங்களுக்கு அதை எழுதறதை விட எஸ்கியூஎல்ல ஒரு குரூப் பை (ஒரே மாதிரி வரிகளைச் சேத்துக் கூட்டுறது) போடறது ரொம்ப ரொம்ப லேசு.

உங்க கடைக்கு நாலு டேபிள் போதும்னு நினைக்கிறேன். கஸ்டமர், சாமான், புக்கிங், அப்புறம் புக்கிங்_சாமான். முதல் மூணும் யாரும் யோசிச்சிடுவாங்க, நாலாவதுதான் முக்கியம். ஒரு புக்கிங்ல பல சாமான் போகும், ஒரே சாமான் பல புக்கிங்ல போகும், அதனால இந்த புக்கிங்ல இந்த சாமான் இத்தனை போச்சு இத்தனை திரும்பி வந்துச்சுன்னு ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி ரோ (வரி) வேணும், அதை வைக்கிற இடம்தான் இந்த டேபிள். நிறைய பேரு இது இல்லாம புக்கிங் டேபிள்லயே சாமான்1 சாமான்2 சாமான்3ன்னு ஃபீல்டு வச்சிட்டு, பதினோராவது சாமான் வந்ததும் முழிப்பாங்க.

இன்னும் ரெண்டு விஷயம். போன் நம்பரை நம்பரா வைக்காதீங்க, டெக்ஸ்டா வைங்க, அதை யாரும் கூட்டப் போறதில்லை, முன்னாடி சைபரோ பிளஸ் 91ஓ இருந்தா நம்பர் ஃபீல்டு அதைத் தின்னுடும். காசை ஃப்ளோட்ல (தசம எண்ணா) வைக்காதீங்க. பைத்தானைத் திறந்து 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டிப் பாருங்க, 0.30000000000000004ன்னு வரும். பைசாவா மாத்தி முழு எண்ணா வச்சிட்டா தொல்லையே இல்லை.

டூல் என்னன்னு கேட்டா என் பதில் எஸ்கியூலைட். ஏன்னு வேற யாராவது சொல்லுங்க, ஆபீஸ் வேலை இருக்கு, சாயங்காலம் வர்றேன்.

பிஎச்பி_பழசு:
கயல் சொன்ன நாலு டேபிள் சரி. ஆனா நான் மைஎஸ்கியூஎல் பக்கம். நம்ம ஊர்ல சின்ன கம்பெனி, ஸ்கூல், ஆஸ்பத்திரி வெப்சைட்டுன்னு எதைத் திறந்தாலும் பிஎச்பி மைஎஸ்கியூஎல்தான், வேர்ட்பிரஸ் ஓடுறதே அதுலதான் இல்லைன்னா அதுல இருந்து பிரிஞ்ச மரியாடிபில. விலை கம்மியான ஷேர்டு ஹோஸ்டிங் எது வாங்கினாலும் டேபிளை பிரவுசர்லயே பாக்கிற பிஎச்பிமைஅட்மின் கூடவே வரும். லேப்டாப்ல எக்ஸ்ஏஎம்பிபி போட்டா ஒரே இன்ஸ்டால்ல எல்லாம் ரெடி. சின்னச் சின்ன வேலை பிடிக்கணும்னா இதான் சோறு போடும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். பழைய 5.7 வரைக்கும் டிஃபால்ட் கேரக்டர் செட் லத்தீன்1, கவனிக்காம தமிழ்ல பேரு போட்டா வரிசையா கேள்விக்குறியா நிக்கும். யூடிஎஃப்8ன்னு மாத்தினாலும் மைஎஸ்கியூஎல் அந்தப் பேர்ல தர்றது ஒரு எழுத்துக்கு 3 பைட் வரைக்கும்தான், தமிழ் அதுக்குள்ள அடங்கிடும், ஆனா யாராவது கஸ்டமர் குறிப்புல ஒரு இமோஜி போட்டா 4 பைட் வேணும், எரர் அடிக்கும். யூடிஎஃப்8எம்பி4ன்னு இருக்கறதுதான் முழுசு. 8.0ல இருந்து அதுவே டிஃபால்ட்.

கணக்கு_வாத்தியார்:
எதுக்கு இவ்வளவு? ஒரு கடைதானே. எக்செல்ல நாலு ஷீட் போட்டு பிவட் டேபிள் வச்சா மாமா சந்தோஷமா இருப்பாரு. அவருக்கும் புரியும்.

க்வெரி_கயல்:
சார், மாமாவுக்கு இன்னைக்கே ஒரு தீர்வு வேணும்னா எக்செல் நல்ல பதில்தான், அதுல மறுப்பே இல்லை. தம்பி டேட்டாபேஸ் கத்துக்கணும்னும் சொல்றாரே. அதோட எக்செல்ல தப்பு நடந்தா சத்தம் போடாது சார். 2020 அக்டோபர்ல இங்கிலாந்து பொது சுகாதாரத் துறை கொரோனா ரிசல்ட்டை பழைய எக்ஸ்எல்எஸ் ஃபைல்ல ஏத்திக்கிட்டு இருந்தாங்க, அந்த ஃபார்மட்ல ஒரு ஷீட்டுக்கு 65,536 வரிதான், அதுக்கு மேல போனது எல்லாம் அப்படியே விழுந்துருச்சு, 15,841 பேரோட பாசிட்டிவ் ரிசல்ட் கணக்குல வராமப் போச்சு, அவங்களோட பழகினவங்களைத் தேடிப் பிடிக்கிற வேலையும் தாமதமாச்சு. உங்க கடைக்கு அவ்வளவு வரி வராது. நான் சொல்ல வர்றது, இல்லாத கஸ்டமர் நம்பரைப் போட்டு புக்கிங் பண்ணா டேட்டாபேஸ் முடியாதுன்னு திருப்பி அனுப்பும், ஃபாரின் கீன்னு அதுக்குப் பேரு, எக்செல் எதை எழுதினாலும் வாங்கிக்கும்.

சிங்கிள்_ஃபைல்:
எஸ்கியூலைட் ஏன்னு நான் சொல்றேன். முதல் காரணம், உங்ககிட்ட அது ஏற்கனவே இருக்கு. பைத்தான் இன்ஸ்டால் பண்ணும்போதே எஸ்கியூலைட்3 மாட்யூல் கூடவே வந்துருச்சு, 2006ல வந்த 2.5 வெர்ஷன்ல இருந்தே அப்படித்தான். சர்வர் கிடையாது, யூசர்நேம் பாஸ்வேர்டு கிடையாது, போர்ட் நம்பர் கிடையாது. முழு டேட்டாபேஸும் ஒரே ஒரு ஃபைல். ஆரம்பிக்கிறவங்க பாதி பேரு எஸ்கியூஎல் கஷ்டம்னு விடுறதில்லை, சர்வர் இன்ஸ்டால் ஆகாம, கனெக்ஷன் ரிஃப்யூஸ்டுன்னு எரர் வந்து அதுலயே வெறுத்துப் போய் விடுறாங்க.

சின்னப் பிள்ளைங்க சமாச்சாரம்னு சிலர் நினைக்கிறாங்க, அது சுத்தமா தப்பு. ரிச்சர்ட் ஹிப் 2000ல இதை எழுத ஆரம்பிச்சது அமெரிக்க கடற்படை போர்க்கப்பல் ஒண்ணுக்கான சாஃப்ட்வேர் வேலைல இருந்தப்போ, டேட்டாபேஸ் சர்வர் விழுந்தாலும் புரோகிராம் நிக்கக் கூடாதுன்னுதான் சர்வரே இல்லாம பண்ணாரு. இன்னைக்கு உங்க பாக்கெட்ல இருக்கிற போன் ஆண்ட்ராய்டோ ஐபோனோ, உள்ள எஸ்கியூலைட் ஓடிக்கிட்டுதான் இருக்கு. லைசென்ஸே இல்லை, பப்ளிக் டொமைன்.

மூணு விஷயத்துல மட்டும் முழிச்சிருங்க. ஒண்ணு, கயல் அக்கா சொன்ன ஃபாரின் கீ காவல் இதுல டிஃபால்ட்டா ஆஃப்ல இருக்கும், ஒவ்வொரு தடவை கனெக்ட் பண்ணும்போதும் பிராக்மா ஃபாரின்_கீஸ் ஆன்னு சொல்லணும். ரெண்டு, இன்டிஜர்னு சொன்ன ஃபீல்டுல 'இருபது'ன்னு எழுத்துல போட்டாக்கூட பேசாம வாங்கி வச்சிக்கும், அது வேண்டாம்னா டேபிள் உருவாக்கும்போது கடைசில ஸ்ட்ரிக்ட்னு ஒரு வார்த்தை சேருங்க, 3.37ல இருந்து இருக்கு. மூணாவது, தேதிக்குன்னு தனி டைப் கிடையாது, டெக்ஸ்டா வைக்கறது லேசு, வருஷம்-மாசம்-நாள்னு 2026-01-25 மாதிரி வைங்க. நம்ம பழக்கத்துல 25-01-2026ன்னு வச்சா வரிசைப்படுத்தும்போது எல்லா மாசத்து ஒண்ணாந்தேதியும் முதல்ல வந்து நிக்கும்.

டிபி பிரவுசர் ஃபார் எஸ்கியூலைட்னு ஒரு ஃப்ரீ டூல் இருக்கு, டேபிளைக் கண்ணால பாக்கலாம். ஆனா க்வெரியை, அதான் எஸ்கியூஎல்ல எழுதுற கேள்வியை, கையால டைப் பண்ணிப் பழகுங்க, பட்டனைத் தட்டித் தட்டிப் பண்ணா கை பழகாது.

நெல்லை_பையன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி, அக்கா நீங்க சொன்ன மாதிரி மாமாட்ட உக்காந்து கேட்டேன், நீங்க ஊகிச்ச நாலும் அப்படியே வந்துச்சு, கூட ஒண்ணு, சேர் உடைஞ்சு வந்தா யாரு கணக்குல போடன்னு. ஒரு சந்தேகம் இருக்கு, கடைல ஒரு சிஸ்டம், குடோன்ல ஒரு சிஸ்டம், ரெண்டுலயும் பாக்கணும்ங்காரு. அந்த எஸ்கியூலைட் ஃபைலை ஷேர்டு ஃபோல்டர்ல போட்டுட்டா ரெண்டு பேரும் திறந்துக்கலாம்லா?

சிங்கிள்_ஃபைல்:
அதை மட்டும் பண்ணாதீங்க தம்பி. நெட்வொர்க் ஃபோல்டர்ல ஃபைல் லாக் சரியா வேலை செய்யும்னு நம்பவே முடியாது, ரெண்டு பக்கமும் ஒரே நேரம் எழுதினா ஃபைலே கெட்டுப் போகலாம்னு எஸ்கியூலைட் பண்ணவங்களே எழுதி வச்சிருக்காங்க. வழி ரெண்டு இருக்கு. ஃப்ளாஸ்க்லயோ ஜாங்கோலயோ ஒரு சின்ன வெப் ஆப் எழுதி கடை சிஸ்டத்துல ஓட விடுங்க, குடோன்ல இருந்து பிரவுசர்ல திறக்கட்டும், அப்போ டேட்டாபேஸைத் தொடுறது ஒரே ஒரு கம்ப்யூட்டர்தான், எஸ்கியூலைட்டே போதும். ஒரு நேரத்துல ஒருத்தர்தான் எழுத முடியும்ங்கறது உண்மை, ஆனா ஒரு எழுத்து மில்லிசெகண்டுல முடிஞ்சிடும், ரெண்டு பேரு உள்ள கடைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. இன்னொரு வழி போஸ்ட்கிரெஸ், அது சர்வரா ஓடுற டேட்டாபேஸ்.

யானை_பாகன்:
போஸ்ட்கிரெஸ்னு பேரு வந்ததும் வந்துட்டேன். எஸ்கியூலைட்ல ஆரம்பிங்க, அதுல எனக்கும் ஒப்புதல்தான், ஆனா அடுத்த படி போஸ்ட்கிரெஸ்ஸா இருக்கட்டும். 1986ல பெர்க்லி யுனிவர்சிட்டில மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் ஆரம்பிச்ச வேலை, எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை. மைஎஸ்கியூஎல் 2008ல சன் கைக்குப் போய், 2010ல சன்னோட சேந்து ஆரக்கிள் கைக்குப் போச்சு, அந்த பயத்துல அதை உருவாக்கினவரே பிரிஞ்சு போய் மரியாடிபி ஆரம்பிச்சாரு. இங்க அந்தக் கவலை இல்லை.

உங்க கடைக்கே ஒரு உதாரணம் சொல்றேன். ஜெனரேட்டர் ஒண்ணே ஒண்ணுதான் இருக்குன்னீங்க. போஸ்ட்கிரெஸ்ல டேட்ரேஞ்சுன்னு ஒரு டைப் உண்டு, 10ல இருந்து 12 வரைன்னு ஒரே ஃபீல்டுல வைக்கலாம், ஒரே பொருளுக்கு தேதி ஒண்ணு மேல ஒண்ணு விழுந்தா சேக்காதேன்னு டேபிள்லயே விதி போட்டுறலாம், எக்ஸ்க்ளூஷன் கன்ஸ்ட்ரெய்ண்ட்னு பேரு. நீங்க பைத்தான்ல செக் பண்ண மறந்தாலும் ஜெனரேட்டரை ரெண்டு வீட்டுக்கு டேட்டாபேஸ் புக் பண்ண விடாது.

200 சேருக்கு இந்த விதி உதவாது, அங்க எண்ணிக்கை பாக்கணும். கேட்ட தேதியோட மேல விழுற புக்கிங்கைக் கண்டுபிடிக்க சூத்திரம் இதான்: புக்கிங் தொடக்கம், கேட்டவங்க முடிவு தேதிக்கு முன்னாடியோ அன்னைக்கோ இருக்கணும், புக்கிங் முடிவு, கேட்டவங்க தொடக்க தேதிக்கு அப்புறமோ அன்னைக்கோ இருக்கணும். ரெண்டு கண்டிஷன் போதும். அப்படி மாட்டுற புக்கிங்ல போன சேரை எல்லாம் கூட்டி மொத்தத்துல இருந்து கழிச்சா மிச்சம்.

க்வெரி_கயல்:
பாகன், ரெண்டு கண்டிஷன் சரி, கடைசில கூட்டுறது சரியில்லை. மொத்தம் 500 சேர்னு வைங்க. ஒரு வீட்டுக்கு 10ஆம் தேதி மட்டும் 300, இன்னொரு வீட்டுக்கு 12ஆம் தேதி மட்டும் 300. இப்ப ஒருத்தர் 10ல இருந்து 12 வரை 150 கேக்குறாரு. ரெண்டு புக்கிங்கும் அவரு தேதி மேல விழுது, உங்க கணக்குப்படி 600 வெளிய போயிருக்கு, 500லயே 100 குறையுதுன்னு சொல்லி அவரைத் திருப்பி அனுப்பிடுவோம். ஆனா 10ஆம் தேதி 200 சும்மா இருக்கு, 11 அன்னைக்கு 500ம் இருக்கு, 12 அன்னைக்கும் 200 இருக்கு, தாராளமா குடுக்கலாம். அதனால கேட்ட தேதியை ஒவ்வொரு நாளா விரிச்சு, நாள் வாரியா கூட்டி, அதுல எந்த நாள் அதிகமா போயிருக்கோ அதை மட்டும் கழிக்கணும். நாளை விரிக்க போஸ்ட்கிரெஸ்ல ஜெனரேட்_சீரீஸ் இருக்கு, எஸ்கியூலைட்ல வித் ரிக்கர்சிவ் போட்டு எழுதலாம்.

தம்பி, இந்தக் கணக்கு எந்த டேட்டாபேஸ் எடுத்தாலும் மாறாது பாருங்க. ஏஐ கிட்ட கேட்டு க்வெரி வாங்கினாலும், இந்த 10-12 உதாரணத்தைப் போட்டுப் பாத்துட்டு நம்புங்க.

யானை_பாகன்:
சரிதான் கயல், நாள் வாரியாதான் வரணும். தம்பி அவங்க சொன்னதையே எடுத்துக்குங்க.

யாழ்_நிரலர்:
வணக்கம், நான் யாழ்ப்பாணத்தில இருந்து. இஞ்ச ஒருத்தரும் தமிழ் வரிசை பற்றிக் கதைக்கேல்லை, வாடிக்கையாளர் பேரைத் தமிழில வைக்கப் போறீங்கள் எண்டால் இது கட்டாயம் தெரியவேணும். வரிசைப்படுத்தச் சும்மா ஓடர் பை போட்டால் எஸ்கியூலைட் யூனிகோட் எண் வரிசைப்படிதான் அடுக்கும். யூனிகோடில ன எண்ட எழுத்து ந-வுக்கு அடுத்ததா, ப-வுக்கு முன்னால இருக்குது. எங்கட நெடுங்கணக்கில அது கடைசி. அதால 'அன்பு' முதல் வந்து 'அமுதா' பிறகு வரும், அகராதி முறைப்படி அமுதாதான் முதல். புள்ளி வைச்ச எழுத்தும் அப்பிடித்தான், 'அக்கா' எங்களுக்கு 'அகம்' எண்டதுக்கு முன்னால வரவேணும், கணினி பின்னால தள்ளும். போஸ்ட்கிரெஸ்ஸில ஐசியூ எண்ட யூனிகோட் நூலகத்தின்ர தமிழ் கொலேஷனை, அதாவது வரிசை விதியைச் சொல்லி அடுக்கச் சொன்னால் சரியா வரும். எஸ்கியூலைட் எண்டால் பைத்தானில ஒரு கொலேஷன் பங்ஷன் எழுதிப் பதிவு செய்யலாம்.

அடுத்தது தேடல். 'கோமதி' எண்டதில வாற கோ-வை ரெண்டு விதமா தட்டலாம், ஒற்றை ஓகாரக் குறியாவும் வரும், ஏகாரக் குறியும் காலும் தனித்தனியாவும் வரும். திரையில ரெண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும், டேட்டாபேஸுக்கு ரெண்டும் வேற வேற ஆள். உள்ள போடுறதுக்கு முன்னால பைத்தானின்ர யூனிகோட்டேட்டா மொடியூலில என்எஃப்சி நோர்மலைஸ் செய்து, அதாவது ரெண்டையும் ஒரே வடிவத்துக்கு மாத்திப்போட்டு வையுங்கோ, தேடுற சொல்லையும் அப்பிடியே செய்யுங்கோ. நீளமும் பாருங்கோ, 'தமிழ்' எங்களுக்கு மூண்டு எழுத்து, போஸ்ட்கிரெஸ்ஸும் எஸ்கியூலைட்டும் லெங்த் கேட்டால் 5 எண்டு சொல்லும், மைஎஸ்கியூஎல்லில அதே லெங்த் பைட்டை எண்ணி 15 எண்டு சொல்லும். பேருக்கு 20 எழுத்து போதும் எண்டு இறுக்கி வைச்சால் நீளமான பேர் உள்ள போகாது. பழைய பாமினி எழுத்துருவில இருக்கிற பட்டியல் ஏதும் இருந்தால் முதல் யூனிகோடுக்கு மாத்திப்போட்டுத்தான் ஏத்தவேணும்.

நெல்லை_பையன்:
அண்ணே இது எனக்கு தோணவே தோணாது, மாமா நோட்டுல எல்லா பேரும் தமிழ்லதான் இருக்கு. ரொம்ப நன்றி.

மெர்ன்_மாணவன்:
கயல் அக்காவோட கணக்கைப் படிச்சேன், இந்தக் கடைக்கு எஸ்கியூஎல் சரின்னு ஒத்துக்கறேன். ஆனா மோங்கோவை ஒதுக்கிற மாதிரி பேசறது நியாயமா படல. எல்லா டேட்டாவும் டேபிள்ல அடங்காதே?

யானை_பாகன்:
அடங்காது, சரியாத்தான் கேக்குறீங்க. ஒரு கடைல செல்போன், சேலை, பொம்மை எல்லாம் விக்கிறாங்கன்னா ஒவ்வொண்ணுக்கும் வேற வேற குணம், போனுக்கு ராம், சேலைக்கு நீளம், பார்டர். அங்க டாக்குமெண்ட் மாடல் பொருந்தும். ஒரு பதிவை முழுசா எழுதி முழுசா எடுக்கிற வேலை, சென்சார்ல இருந்து விதவிதமா வர்ற தகவல், இதுக்கெல்லாம் மோங்கோ நல்ல தேர்வு. 2018ல வந்த 4.0ல இருந்து பல டாக்குமெண்டைச் சேத்து ஒரே டிரான்சாக்ஷனா (எல்லாம் நடக்கும், இல்லைன்னா எதுவும் நடக்காது) பண்ணவும் முடியும். ஆனா 2014ல போஸ்ட்கிரெஸ் 9.4 ஜேசன்பி (ஜேசன் வடிவத் தகவலை வைக்கிற டைப்) கொண்டு வந்த பிறகு, டேபிளுக்குள்ளயே ஒரு ஃபீல்டை மட்டும் ஜேசனா வச்சு இண்டெக்ஸும் போடலாம். அதனால ரெண்டு தேவையும் கலந்து இருந்தா முதல்ல இங்க பண்ணிப் பாக்கறது என் பழக்கம். ஸ்கீமா, அதாவது எந்த ஃபீல்டுல என்ன இருக்கணும்ங்கற விதி, இல்லைங்கறதை மட்டும் சௌகரியமா நினைக்காதீங்க. ஸ்கீமா எங்கயும் போயிடாது, டேட்டாபேஸ்ல எழுதலைன்னா உங்க கோடுக்குள்ள நூறு இஃப் கண்டிஷனா வந்து உக்காந்துக்கும்.

தேடும்_படலம்:
நடுவுல ஒரு கேள்வி, நானும் ஃப்ரெஷர்தான். வேலைன்னு பாத்தா எது?

க்வெரி_கயல்:
எஸ்கியூஎல். எட்கர் காட் ஐபிஎம்ல இருந்துக்கிட்டு ரிலேஷனல் மாடல் பேப்பரை வெளியிட்டது 1970, அதே கம்பெனில இந்த மொழி பிறந்தது 1974, ஸ்டாண்டர்டு ஆனது 1986. அதுக்கப்புறம் எத்தனையோ வந்து போயிருக்கு, இது நிக்குது. ஆரக்கிள் லேப்ல படிச்ச செலெக்ட், ஜாயின், குரூப் பை அப்படியே போஸ்ட்கிரெஸ்ல ஓடும், சின்னச் சின்ன வித்தியாசம் இருக்கும், ஆரக்கிள் காலி எழுத்தை நல்னு (மதிப்பே இல்லைன்னு) எடுத்துக்கும், மத்ததுல அப்படி இல்லை, இந்த மாதிரி. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ சர்வேல 2023ல போஸ்ட்கிரெஸ் முதலிடத்துக்கு வந்துச்சு, அதுக்கு முன்னாடி மைஎஸ்கியூஎல். நான் இன்டர்வியூ எடுக்கும்போது எந்த டூல்னு கேக்கறதில்லை, லெஃப்ட் ஜாயின் போட்டா எந்த ரோ எல்லாம் வரும், ஏன் நல் வருதுன்னு ஒரு பேப்பர்ல வரைஞ்சு காட்டச் சொல்லுவேன். அதைத் தெளிவா சொல்றவங்களுக்கு எந்த டேட்டாபேஸையும் கத்துக் குடுத்துடலாம்.

ஓஆர்எம் (எஸ்கியூஎல் எழுதாம பைத்தான் கோடுலயே டேபிளைக் கையாள்றது) பத்தி யாராவது சொல்லுவாங்க, ஜாங்கோல இருக்கிறது ரொம்ப நல்லதுதான். ஆனா அது பின்னால என்ன எஸ்கியூஎல் அனுப்புதுன்னு படிக்கத் தெரிஞ்ச பிறகு அதுக்குப் போங்க. அப்புறம் கஸ்டமர் டைப் பண்ற பேரை ஸ்ட்ரிங்கோட ஸ்ட்ரிங் ஒட்டி க்வெரி கட்டாதீங்க, கேள்விக்குறி போட்டு வேல்யூவைத் தனியா அனுப்புங்க, டைப் பண்றதுக்குள்ளயே கட்டளையை நுழைக்கிற எஸ்கியூஎல் இன்ஜெக்ஷனுக்கு அங்கதான் பூட்டு.

பிஎச்பி_பழசு:
பேக்கப் பத்தி யாருமே பேசல. 2017 ஜனவரி 31 அன்னைக்கு கிட்லேப்ல ஒரு இன்ஜினியர் ராத்திரி வேலைல தப்பான சர்வர்ல டேட்டா டைரக்டரியை அழிச்சிட்டாரு. பேக்கப் எடுக்கிற ஏற்பாடு அவங்ககிட்ட பல இருந்தும், எடுத்துப் பாத்தா ஒண்ணு வெர்ஷன் பொருந்தாம பல நாளா ஃபெயில் ஆகிக்கிட்டே இருந்திருக்கு, யாருக்கும் தெரியல. ஏதேச்சையா ஆறு மணி நேரம் முன்னாடி எடுத்த ஒரு காப்பி இருந்ததால மீண்டாங்க, அந்த ஆறு மணி நேர டேட்டா போனது போனதுதான். அவ்வளவு பெரிய இடத்துலயே அப்படி. நீங்க பேக்கப் எடுத்தா மட்டும் போதாது, மாசம் ஒரு தடவை அதை வேற ஃபோல்டர்ல திறந்து போன வாரத்து புக்கிங் இருக்கான்னு பாருங்க. எஸ்கியூலைட்னா ஆப் ஓடும்போது ஃபைலை வெறுமனே காப்பி பேஸ்ட் பண்ணாதீங்க, டபிள்யூஏஎல் மோடுல (புது மாற்றத்தை முதல்ல தனி ஃபைல்ல எழுதுற முறை) இருந்தா பக்கத்துல இன்னொரு ஃபைல்லயும் டேட்டா இருக்கும், அது விட்டுப் போயிரும். பைத்தான் கனெக்ஷன்லயே பேக்கப்னு ஒரு மெத்தட் இருக்கு, அதைக் கூப்பிட்டு பென்டிரைவ்ல போட்டு மாமா வீட்டுல வைங்க.

நெல்லை_பையன்:
முடிவு பண்ணிட்டேன். எஸ்கியூலைட், டிபி பிரவுசர், கையால எஸ்கியூஎல், மேல ஃப்ளாஸ்க். நாலு டேபிளும் ஸ்ட்ரிக்ட் போட்டு உருவாக்கியாச்சு, ஃபாரின் கீயும் ஆன் பண்ணி இல்லாத கஸ்டமர் நம்பர் போட்டுப் பாத்தேன், எரர் அடிச்சு திருப்பி விட்டுச்சு, அதைப் பாத்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். 10-12 உதாரணமும் போட்டுப் பாத்தேன், 200 மிச்சம்னு சரியா வருது. கடைசியா ஒண்ணு கேக்குதேன், சேர் வாடகை ரேட்டை சாமான் டேபிள்லதான் வச்சிருக்கேன். மாமா தை மாசம் ரேட்டை ஏத்துவாரு. அங்க மாத்தினா ஆவணில போட்ட பழைய பில்லும் புது ரேட்டுக்கு மாறிடாதா?

க்வெரி_கயல்:
மாறிடும். சரியான இடத்துல சந்தேகம் வந்திருக்கு உங்களுக்கு. புக்கிங்_சாமான் டேபிள்லயும் ரேட்டுன்னு ஒரு ஃபீல்டு சேருங்க. புக்கிங் போடும்போது சாமான் டேபிள்ல அன்னைக்கு என்ன ரேட்டோ அதை அங்க காப்பி பண்ணிடுங்க, பில் கணக்கு எப்பவும் அந்தக் காப்பில இருந்துதான் வரணும். மாமா தெரிஞ்சவங்களுக்கு குறைச்சுப் போட்டாலும் அதுலயே மாத்திக்கலாம். ஒரே தகவலை ரெண்டு இடத்துல வைக்கலாமான்னு யாராவது கேட்டா, ரெண்டும் வேற வேற தகவல்னு சொல்லுங்க, ஒண்ணு இன்னைய ரேட்டு, இன்னொண்ணு அந்த வீட்டுக்காரங்களோட பேசி முடிச்ச ரேட்டு. உடைஞ்சு வந்த சேருக்கும் இதே டேபிள்ல உடைஞ்சதுன்னு ஒரு எண்ணிக்கை ஃபீல்டு வைங்க, டிஃபால்ட் சைபர். போனது, திரும்பி வந்தது, உடைஞ்சது மூணும் ஒரே ரோல இருந்தா, போனதுல இருந்து மத்த ரெண்டையும் கழிச்சா யாரு வீட்டுல எத்தனை நிக்குதுன்னு ஒரே க்வெரில வந்துரும். அதை எழுதிப் பாத்துட்டு இங்க போடுங்க, பாக்குறேன்.